அரை ராசாவும் ஒரு வாழைக்காய் பஜ்ஜியும்

இதுல வயிறு வலிக்கச் சிரிக்கிற எடம் ஒண்ணு இருக்கு. ஆனா இப்ப வராது. மொதல்ல மாமா வரணும், அப்புறம் பஜ்ஜி வரணும்.

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. எங்க ஊருப் பொங்கல் விழாவுல மாமா தனிநடிப்பு பண்றப்ப, திரைக்குப் பின்னாடி உக்காந்து வசனம் எடுத்துக் குடுக்கணும். அவ்வளவுதான்.

மாமான்னா அம்மாவோட தம்பி. பொன்னமராவதில உரக்கடைல வேலை. ராஜா வேஷத்துக்குன்னே வளர்த்த மீசை. போருல தோத்த ராஜா, செத்துக் கெடக்குற படைக்கு நடுவுல தனியா நின்னு பொலம்பிட்டுச் சாகணும், அதுதான் காட்சி.

போன வருஷமும் இதே ராஜாதான். "என் படை எங்கே?"ன்னு கேட்டார். அடுத்த வரி வரல. படையைத் தேடப் போறவர் மாதிரி மேடைய விட்டு எறங்கிப் போயிட்டார்.

அன்னைலேருந்து அவருக்கு 'அரை ராசா'ன்னு பேரு. யூரியா வாங்க வர்றவங்க கூட, "அரை ராசா, ஒரு மூட்டை போடுங்க"ம்பாங்க.

"இந்த வருஷம் முழுசாச் செத்துக் காட்டணும் புள்ள. ஒன்னைய நம்பித்தான் ஏறுறேன்"ன்னார்.

நம்பினதுக்குக் காரணம், நான் யாரு மாதிரியும் பேசுவேன். பிளஸ் ஒன் படிக்கிறேன். பஸ் கண்டக்டர்லேருந்து ஹெட்மிஸ்ட்ரஸ் வரைக்கும் எல்லார் குரலும் வரும். ஹெட்மிஸ்ட்ரஸ் குரலுக்கு ரெண்டு நாள் வகுப்புக்கு வெளிய நின்னுருக்கேன்.

மாமாகிட்ட ஒரு பழக்கம். உணர்ச்சில இருக்கப்ப காதுல விழுறது மூளைக்குப் போகாது, நேரா வாய்க்கு வந்துரும். அதுவும் செந்தமிழாகி வரும். ஒத்திகைல, "மாமா, அத்தை கூப்பிடுறாங்க"ன்னேன். "அத்தை அழைக்கிறாள்!"னு வாளை உருவிட்டு அடுத்த வரிக்குக் காத்து நின்னார்.

வசனம் எழுதிக் குடுத்த தமிழ் வாத்தியாரும் தெனம் ஒரு வரி மாத்துவார். அதனால புதுசா எது வந்தாலும் மாமா ஏன்னு கேக்குறதில்ல.

இப்பப் பஜ்ஜி.

ஆறு மணிக்கு நாடகம். அஞ்சே முக்காலுக்கு நான் வாழைக்காய் பஜ்ஜி வாங்குனேன். எண்ணெய் சொட்டுச்சு. கைல இருந்த பேப்பர்ல வச்சு ஒரு அமுக்கு அமுக்குனேன்.

அது வசனப் பேப்பர். ரெண்டு பக்கமும் எழுதுனது. எண்ணெய் ஊறினதும் முன்பக்கத்து ராஜா மேல பின்பக்கத்து ராஜா ஏறி நின்னுட்டார். ஒரு எழுத்து படிக்க முடியல.

திரை தூக்கிட்டாங்க.

"அரை ராசா, மிச்சப் பாதி இன்னைக்காச்சும் வருமா?"ன்னு கூட்டத்துலேருந்து ஒரு குரல்.

"என் படை எங்கே? என் யானைகள் எங்கே?"ன்னுட்டு மாமா காதை என் பக்கம் சாய்ச்சார்.

நான் ராஜா மாதிரி ஒரு வரி யோசிச்சேன். வரல. எனக்குன்னு ஒரு வரியும் வராது, அடுத்தவங்க பேசுனதுதான் வரும்னு அப்பத்தான் தெரிஞ்சுது. மாமா கால் படிக்கட்டுப் பக்கம் நகருது. வாயில மொதல்ல வந்தவர் கண்டக்டர்.

"உள்ள தள்ளி நில்லுங்க. பின்னாடி எடம் கெடக்கு."

"உள்ளே தள்ளி நில்லுங்கள்! பின்னால் இடம் கிடக்கிறது!" செத்த படையைப் பாத்து மாமா கர்ஜிச்சார். மேடை ஓரத்துக் கூட்டம் நெசமாவே உள்ள தள்ளி நின்னுச்சு. கைதட்டு.

அங்கயே நிறுத்தியிருந்தா நான் நல்ல புள்ள. கைதட்டு கேட்டா எனக்கு நிறுத்த வராது. அடுத்து, எங்க தெருவுக்கு வர்ற கட்டுமாவடி மீன்காரம்மாவை எறக்குனேன்.

"வஞ்சிரம்யா. செவுளைத் தூக்கிப் பாரு, நாறுதான்னு சொல்லு."

மாமா மண்டி போட்டார். "வஞ்சிரம் ஐயா! செவுளைத் தூக்கிப் பார்! நாறுகிறதா சொல்!" சொல்றப்ப குரல் தழுதழுத்துச்சு.

எங்க பக்கம் நடிப்பு புடிச்சுட்டா முடியிற வரைக்கும் காத்திருக்க மாட்டாங்க. விழாத் தலைவர் நடுவுலயே ஏறி வந்து பொன்னாடை போத்துனார். மாமா வாளைக் கக்கத்துல இடுக்கிக் கும்பிட்டுட்டு, மறுபடி தோத்துப் போனார்.

இனி சாகணும். வாளை நெஞ்சுல வச்சுட்டு கடைசி வரிக்கு என்னையப் பாக்குறார். முடிவுன்னா எனக்குத் தெரிஞ்சது கல்யாண மண்டப மைக்தான்.

"எல்லாரும் இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

"அனைவரும்... இருந்து... சாப்பிட்டுவிட்டுத்தான்... போக வேண்டும்"னு சொல்லி மாமா சாஞ்சார். உயிர் போயிருச்சு. முழுசா.

முன்வரிசை பூரா கண்ணைத் தொடைச்சிக்கிட்டு இருந்தாங்க. மாமா அதை அழுகைன்னு எடுத்துக்கிட்டார்.

கீழ எறங்குறப்ப, "முழு ராசா!"ன்னு விசில். மாமா நேரா தமிழ் வாத்தியார் கையப் புடிச்சார்.

"அய்யா, சாகுறப்பவும் ஊருக்கே விருந்து வைக்கிறான் பாருங்க, என்ன கற்பனை!"

வாத்தியார் கண்ணாடியக் கழட்டுனார். "அது நான் எழுதலையேப்பா."

"சரி, அந்த வஞ்சிரம்?"

"நான் சைவம்ப்பா."

மாமா சிரிப்பு அப்படியே இருந்துச்சு. மீசை மட்டும் கீழ எறங்குச்சு. மெதுவாத் திரும்பி, "புள்ள, அந்தப் பேப்பரைக் குடு"ன்னார்.

குடுத்தேன். மோந்து பாத்தார்.

அதுக்கப்பறம் மாமா பேசுன எதுக்கும் நான் ஒரு வரி கூட எடுத்துக் குடுக்க வேண்டி வரல.