ஏழு கழிப்பறைகளும் ஒரு டிரைவிங் ஸ்கூலும்

டாக்டரிடம் போவதில்லை என்று உறுதியாக முடிவெடுத்திருந்தேன். ஐம்பத்தாறு வயதில் ஒரு ஆண்மகன் எடுக்கும் முடிவுகளில், மனைவிக்குத் தெரியாமல் எடுப்பதுதான் கொஞ்ச நாளாவது தாக்குப்பிடிக்கும்.

விஷயம் இதுதான். அடிக்கடி ஒன்றுக்கு வந்தது. வருகிறேன் வருகிறேன் என்று அவசரப்படுத்தும். விழுந்தடித்து ஓடிப் போய் நின்றால் வராது. வேண்டாவெறுப்பாக நாலு சொட்டு. திரும்பி வந்து உட்கார்ந்தால் மறுபடியும் கூப்பிடும்.

என் தொழிலுக்கு இது ஆகவே ஆகாது. நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, என் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை நம்பி உயிர் வாழ்கிறேன். ஆகவே மூளையைக் கசக்கி, பயிற்சிப் பாதையையே மாற்றினேன். பஸ் ஸ்டாண்டு, நூலகம், பெட்ரோல் பங்க் என்று கழிப்பறை உள்ள ஏழு இடங்கள். ஒவ்வொரு வாசலிலும், "ஓரமா நிறுத்திப் பழகுங்க" என்பேன். அவர்கள் பழகுவார்கள். நான் போய்விட்டு வருவேன்.

ஒரு தையல்கார அம்மாவால் மாட்டிக்கொண்டேன். லைசென்ஸ் சோதனையில் அதிகாரி அவரை நேரே போகச் சொன்னாராம். அம்மா நேரே போய், பஸ் ஸ்டாண்டு கழிப்பறை வாசலில் அழகாக நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, "போயிட்டு வாங்க சார்" என்றாராம். ஃபெயில். ஆத்திரத்தோடு என் வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

அன்று மாலையே விசாரணை.

"எத்தனை நாளா இப்படி?"

"அது பார்க்கிங் பயிற்சிம்மா."

"ஏழு இடத்துலயா? சர்க்கரையா இருக்கலாம். கிருமியா இருக்கலாம். கல்லா இருக்கலாம். இந்த வயசுல ஆம்பளைங்களுக்கு ப்ராஸ்டேட் வீங்குமாம். நீங்க குடிக்கிற எட்டு காபியாவும் இருக்கலாம். டாக்டர் பார்த்தாத்தானே தெரியும்?"

"ஒண்ணும் இல்லன்னா எதுக்குப் பார்க்கணும்?"

"ஏதாவது இருந்துட்டா?"

அதுதான் என் பயமும். பெரிதாக ஏதாவது இருந்து, அதை டாக்டர் வாயால் கேட்க நேர்ந்தால்? கேட்காதவரை இல்லை என்று வைத்துக்கொள்ளலாம் அல்லவா. வீறாப்பாக, வர முடியாது என்றேன்.

"சரி, விடுங்க" என்றாள். அவள் 'சரி' சொன்ன நாளெல்லாம் எனக்கு ஏதாவது ஆகியிருக்கிறது. ஆனாலும் நம்பினேன்.

மூன்று வாரம் அந்தப் பேச்சே இல்லை. ஒரு காலையில் வந்து, "எனக்கும் கார் ஓட்டக் கத்துக் குடுங்க" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த சந்தோஷத்தில், "வெயிலா இருக்கு, குடிங்க" என்று அவள் நீட்டிய தண்ணீரை நாலு தம்ளர் குடித்தேன்.

கிளம்பினோம். கியர் மாற்றியதில் ஒரு குலுக்கல்கூட இல்லை. என் போதனையின் மகிமை என்று நினைத்தேன். பஸ் ஸ்டாண்டு வந்தது.

"ஓரமா நிறுத்து."

"எனக்கு இன்னும் நிறுத்த வரலீங்க."

நூலகம் போயிற்று. பெட்ரோல் பங்க் போயிற்று.

"நிறுத்தும்மா, தாங்கல."

"வரலைன்னா எப்படிங்க நிறுத்துறது?"

என் காலடியில் பிரேக் இருந்தது. ஆனால் அந்த நிலைமையில் எதையும் அழுத்தி மிதிக்கும் தைரியம் எனக்கில்லை.

கார் ஒரு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தது. இரண்டு வண்டிகளுக்கு நடுவே ஒரே மூச்சில் ரிவர்ஸ் எடுத்து நிறுத்தினாள். வாயைத் திறக்கவும் பயந்து பின்னால் நடந்தேன்.

"ஸ்கேனுக்கு நீர் முட்டியிருக்கணுமே" என்றார் நர்ஸ்.

"ஏழு இடத்துல நிறுத்தாம கொண்டு வந்திருக்கேன்" என்றாள் என் மனைவி.

ஸ்கேன் எடுத்தார்கள். போய்விட்டு வரச் சொல்லி, எவ்வளவு மிச்சம் என்று மறுபடி பார்த்தார்கள். ரத்தம், சிறுநீர், எல்லாம் சோதித்தார்கள். முடிவு வரும்வரை அவள் என் கையை விடவில்லை. அவள் கை சில்லிட்டிருந்தது. என்னைவிட அவள்தான் பயந்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ப்ராஸ்டேட் கொஞ்சம் பெருசா இருக்கு. பயப்படுற மாதிரி எதுவும் தெரியல" என்றார் டாக்டர். "சர்க்கரை, கல், கிருமி எதுவும் இல்ல. மாத்திரை சாப்பிட்டா கட்டுப்படும். காபியைக் குறைங்க."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. வெளியே வந்ததும் சமாளித்துக்கொண்டு, வாத்தியார் தோரணையில் கேட்டேன்.

"இவ்வளவு நல்லா ஓட்ட யார்கிட்ட கத்துக்கிட்ட?"

"எதிர்த்த டிரைவிங் ஸ்கூல்ல, இருபது நாளா" என்றாள் சாவியைத் திருப்பியபடி. "உங்ககிட்ட படிச்சவங்க பாதிப் பேர் அங்கதான் வர்றாங்க, நிறுத்தாம ஓட்டக் கத்துக்க."