கட்டைக்குப் புகை ஆகாது

இனி அரிசிக்காக எந்தச் சர்க்காரிடமும் கையேந்துவதில்லை என்று முடிவெடுத்தேன். நான் மட்டுமல்ல, நாட்டு மக்கள் அத்தனை பேரும் என்று சேர்த்தே முடிவெடுத்தேன். மக்களைக் கேட்கவில்லை. எந்தத் தலைவன் கேட்டிருக்கிறான்?

திண்டுக்கல்லே அரிசிக் கடை வாசலில் வரிசையாக நின்ற வருஷம் அது. ஒரு விவசாயக் கண்காட்சியில் துண்டுப் பிரசுரம் ஒன்று கைக்கு வந்தது. நான் பள்ளிக்கூடத்தில் படித்ததைவிடத் துண்டுப் பிரசுரத்தில் படித்தது அதிகம். வெள்ளைக்காரனை எதிர்த்தது, ஆலை முதலாளியை எதிர்த்தது, பிறகு என் சொந்தக் கட்சியையே எதிர்த்தது, எல்லாம் துண்டுப் பிரசுரத்தின் தயவு. இந்தப் பிரசுரம் யாரையும் எதிர்க்கச் சொல்லவில்லை. மரக்கட்டையில் துளை போட்டு, காளான் விதையைத் திணித்து, மெழுகு பூசி அடைத்து, நிழலில் வைத்து நீர் தெளித்து வந்தால் போதும். கட்டையே காளான் கொடுக்கும். ஏழையின் கறி அதுதான் என்றது பிரசுரம்.

என் மனைவி ராமுத்தாயிடம் வாசித்துக் காட்டினேன்.

“எங்க சாணார்பட்டிப் பக்கம் இடி இடிச்சா புத்து மேட்டுல தானா மொளைக்கும். புடுங்கிட்டு வந்து கொழம்பு வைப்போம். அதுக்கு ஒரு கூட்டம் போட்டுப் பேசணுமா?”

“இடி இடிக்கிற வரைக்கும் ஏழை காத்துக் கிடக்கணுமா?”

“ஏழை அரிசிக்குக் காத்துக் கிடக்கான். பையை எடுத்துக்கிட்டு நீங்களும் போயி நில்லுங்க.”

நின்றேன். வரிசையில் நின்றபடியே திட்டம் தீட்டினேன்.

தச்சர் உடையப்பன் மாமரக் கட்டைகள் கொடுத்தார். “மேசை செய்யவா, பெட்டி செய்யவா?” என்று கேட்டார். சாப்பிட என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை. பக்கத்து வீட்டுச் செபாஸ்தியம்மாள் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளைக் கொடுத்தாள். மாசி மாதத்தில் வீட்டின் பின்பக்கச் சாய்ப்பில் கட்டைகளை அடுக்கினேன். குடிதண்ணீருக்கே குடத்தோடு அலைகிற ஊரில், தினமும் கட்டைகளைக் குளிப்பாட்டினேன். சிறையில்கூட என் முதுகு இப்படி வலித்ததில்லை.

இங்கே என் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பின்னால் சாய்ப்பு, அங்கேதான் அடுப்பு. நடுவில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. தெருவைப் பார்த்த முன்னறை என் படிப்பகம். ஒரு பெஞ்சு, சில பத்திரிகைகள், சிறையிலிருந்து மாலையோடு வெளியே வரும் என் படம். ஒரு காலத்தில் அங்கே உட்கார இடம் கிடைக்காது. இப்போது என் பழைய தோழர் மைதீன் பிச்சை மட்டும் வருவார். அவரும் பேப்பரைப் படித்து முடித்தால் தூங்கிவிடுவார். ஆனாலும் அது படிப்பகம். அந்த அறை இருக்கும் வரைதான் இந்த ஊரில் நான் யாரோ ஒருவன்.

அதில் இட்லிக் கடை போட வேண்டும் என்று ராமுத்தாய் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். மக்கள் சொத்தைத் தனியாருக்கு விடுவதில்லை என்று நானும் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கட்டைகள் வைத்துச் சில வாரங்கள் போயின. பிரசுரத்தைத் திரும்பப் படித்தபோது ஒரு வரி கண்ணில் குத்தியது. புகை படக்கூடாது. அடுப்போ கட்டைகளுக்கு ஒரு முழம் தள்ளி எரிந்துகொண்டிருந்தது. உடனே கோரிக்கை வைத்தேன்.

“அடுப்பை இங்கிருந்து எடு.”

“எடுத்து எங்க வைக்க? என் தலையிலயா?”

“நடு அறையில வை.”

“அங்க பொகை போக வழி ஏது? செத்த நேரத்துல ரெண்டு பேரும் செத்துருவோம்.”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. கட்டைக்குப் புகை ஆகாது. இது என் இறுதி முடிவு.”

ஒரு நாள் முழுக்கப் பேச்சுவார்த்தை நடந்தது. நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஆலைக்காரன் முன்னால் உட்கார்ந்து பேசியவன் நான். கடைசியில் ராமுத்தாய் தலையைக் குனிந்துகொண்டாள்.

“சரிங்க. நீங்க சொன்னா சரிதான். தற்காலிகமா முன்னறையில வச்சுக்கிறேன். அங்கதான் ஜன்னல் இருக்கு.”

தற்காலிகம் என்ற சொல்லைச் சர்க்கார் வாயிலிருந்து எத்தனையோ தடவை கேட்டு ஏமாந்தவன். வீட்டுக்காரி வாயிலிருந்து வந்தபோது அடையாளம் தெரியவில்லை. என் கோரிக்கை ஏற்கப்பட்ட மகிழ்ச்சியில் அடுப்பை நானே சுமந்து போய் வைத்தேன்.

மறுநாள் சோளமும் குருணையும் கலந்து இட்லி அவித்தாள். ஆவி ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போனது. ஆலைக்கு விடிகாலை வேலைக்குப் போகிறவன் ஒருவன் எட்டிப் பார்த்தான். அடுத்த நாள் அவன் கூட்டாளிகளோடு வந்தான். வாரக் கடைசியில் பெஞ்சில் இடமில்லை. படிப்பகம் மறுபடியும் நிரம்பியது. படிக்கிறவன்தான் யாரும் இல்லை.

மைதீன் பிச்சையிடம் முறையிட்டேன். “தோழர், இது ஆக்கிரமிப்பு இல்லையா?”

“ஆக்கிரமிப்புத்தான் தோழர்,” என்றார் வாய் நிறைய. “இருந்தாலும் தொட்டுக்கிற வெஞ்சனம் ரொம்ப நல்லா இருக்கு.”

என் பத்திரிகைகள் நடு அறைக்குப் போயின. என் படம் புகை படிந்து, யார் விடுதலையாகி வருகிறார் என்றே தெரியாமல் போனது. ஐப்பசி பிறந்ததும் நான் நேருக்கு நேர் நின்றேன்.

“அடுப்பு எப்ப பின்னால போகும்?”

“நீங்கதான சொன்னீக, கட்டைக்குப் பொகை ஆகாதுன்னு?”

“கட்டையில இன்னும் ஒண்ணுமே காணோமே.”

“கார்த்திகை வரைக்கும் பாப்போம். பூக்கலேன்னா கட்டையப் பூரா அடுப்புல வச்சுட்டு நானே பின்னால போயிர்றேன். பூத்துருச்சுன்னா அடுப்பு இங்கதான். வெளைஞ்ச பயிரைப் பொகையில கருக்கினா ஏழைக்குத் துரோகம் பண்ணுனதா ஆகிரும்ல?”

என் வசனத்தை எனக்கே படித்தாள். ஒப்புக்கொண்டேன். ஏனென்றால் அந்த நிமிஷத்திலேயே என் மனதில் வேறொரு திட்டம் உருவாகிவிட்டது. கட்டைக்குத் தண்ணீரை நிறுத்திவிடுவது. எத்தனையோ ஆலைகளை நிறுத்தியவனுக்கு ஒரு சொம்புத் தண்ணீரை நிறுத்துவது பெரிய காரியமா? ஏழையின் கறியை நானே கொல்கிறேனே என்று மனசு உறுத்தியது. மக்களுக்கு முதலில் தேவை அறிவு, கறி பிறகு என்று மனசுக்கு ஒரு கூட்டம் போட்டுச் சமாதானம் சொன்னேன்.

அதற்குப் பிறகு சொம்பைத் தொடவில்லை. ஆனால் கட்டைகள் காயவில்லை. தொட்டால் ஈரம். அந்த வருஷம் ஐப்பசியிலும் வானம் ஏமாற்றியது. ஒரு தூறல் இல்லை. மாமரம் நிறைய நீர் குடித்து வைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். விஞ்ஞான மனப்பான்மை உள்ளவன் எதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துவிடுவான்.

கார்த்திகைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். ஒரு காலையில் சாய்ப்புக்குள் போனேன். கட்டை முழுக்க வெள்ளை வெள்ளையாகக் காளான்! சின்னக் குடைகள், பெரிய குடைகள், ஒன்றின் தோளில் ஒன்று. எட்டு மாதம் இதற்குத்தான் முதுகு ஒடிந்தேன். பார்த்ததும் என் கண் கலங்கியது. மகிழ்ச்சியில் அல்ல.

அவசரமாகப் பிடுங்கினேன். ஒன்று விடாமல் பிடுங்கித் துண்டில் முடிந்து, அக்குளில் இடுக்கிக்கொண்டேன். தெருவுக்குப் போக வேண்டுமானால் முன்னறை வழியாகத்தான் போக வேண்டும். பெஞ்சு நிறைய ஆட்கள். அடுப்பருகில் ராமுத்தாய், அவளுக்கு உதவியாகச் செபாஸ்தியம்மாள்.

“துண்டுல என்னங்க?”

“ஒண்ணுமில்ல. அழுக்குத் துணி.”

“அண்ணே, பூத்துருச்சாமே!” என்றாள் செபாஸ்தியம்மாள். “நேத்தே மொட்டு விட்டுருந்துச்சுன்னு மதினி சொன்னாக. பாவம், தெனமும் இட்லிப் பானை கழுவுன தண்ணியத் தூக்கிட்டுப் போயி ஊத்துனாக. நீங்க ஊத்த மறந்துட்டீகளாம்ல?”

துண்டு நழுவியது. காளான் அத்தனையும் பெஞ்சுக்கு முன்னால் சிதறியது.

“அடேயப்பா!” என்று ஆலைத் தொழிலாளிகள் எழுந்தார்கள். மைதீன் பிச்சை இட்லிக் கையோடு என்னைக் கட்டிப் பிடித்தார். “தோழர், சாதிச்சுட்டீங்க! வெறுங்கட்டையில சோறு வெளைய வச்சுட்டீங்க!” கை தட்டினார்கள். கடைசியாக எனக்கு எப்போது கை தட்டினார்கள் என்று ஞாபகமில்லை. நான் பிடுங்கியது எதற்காக என்று சொல்ல வாயெடுத்தேன். கைதட்டல் ஓயட்டும் என்று காத்திருந்தேன்.

அதற்குள் ராமுத்தாய் காளான்களைப் பொறுக்கி முறத்தில் போட்டுவிட்டாள். “செவுத்த ரெண்டா இடிச்சாக்கூட இந்த அடுப்ப நகட்ட மாட்டேன். கட்டைக்குப் பொகை ஆகாது,” என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி. “எங்க வீட்டுக்காரர் கண்டிசனாச் சொல்லிப்புட்டாரு.”

நியாயம்தான். என் பொதுவாழ்வில் ஒரு கோரிக்கை முழுசாக நிறைவேறியது அன்றைக்குத்தான். ஆனாலும் விடக்கூடாது என்று பெஞ்சின் மேல் ஏறப் போனேன். தொண்டையைச் செருமினேன்.

“தோழர்களே!”

பெஞ்சின் கோடியில் இருந்தவன் தலை நிமிராமலே தட்டை நீட்டினான்.

“அண்ணே, செத்த சட்னி.”

ஊற்றினேன்.