நத்தைக் கல்லுக்கு ஒரு பூட்டு

உலகத்தில் ஆதரவாளர் என்று ஓர் இனம் உண்டு. கட்சிக்காரர்களைச் சொல்லவில்லை, பயப்படாதீர்கள். எங்கேயாவது ஒரு நல்ல காரியம் தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தால் உடனே மூக்கில் வேர்த்து, அங்கவஸ்திரத்தை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இதை இப்படியே விட்டுவிடக் கூடாது" என்று கிளம்புகிறார்களே, அவர்களைச் சொல்கிறேன். இப்படியே விட்டால் என்ன கெட்டுப்போகும் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் உங்களையும் ஒரு மெம்பராகச் சேர்த்துவிடுவார்கள்.

எங்கள் அரியலூரில் இந்த இனத்துக்கு உத்தம உதாரணம் வக்கீல் அமிர்தலிங்கம். கெட்டவர் அல்ல. அதுதான் சங்கடமே! கெட்டவராக இருந்தால் ஊரே சேர்ந்து ரயிலேற்றி அனுப்பியிருக்கும். நல்லதைக் கண்டால் மனம் உருகிவிடும் மனிதர் அவர். ஒருநாள் வீட்டில் வத்தக்குழம்பு பிரமாதமாக அமைந்துவிட்டது. பாதிச் சாப்பாட்டில் கையை நிறுத்தி, "பஞ்சவர்ணம், இந்தப் பக்குவம் நிலைச்சு நிக்கிறதுக்கு ஓர் ஏற்பாடு செய்யணுமே" என்றார். சம்சாரம் கரண்டியோடு வந்து நின்று, "நல்லா இருந்தா இன்னும் ரெண்டு கரண்டி ஊத்திக்கங்க. கூட்டம் போட்டுறாதீங்க" என்றாள். அந்த அம்மாள் அனுபவசாலி.

யுத்தம் முடிந்த மறு வருஷம், இவர் மெம்பராக இருந்த சர்வகலாசாலையில் 'போதனைச் சிறப்பை ஆதரிக்கும் கமிட்டி' என்று ஒன்று பிறந்தது. முதல் கூட்டத்தில் கமிட்டிக்குப் பெயர் வைத்தார்கள். அடுத்ததில் அந்தப் பெயரைத் திருத்தினார்கள். அதற்கடுத்ததில் பழைய பெயரே தேவலை என்று ஏகமனதாகத் தீர்மானித்து, காப்பி சாப்பிட்டுக் கலைந்தார்கள். கலாசாலைக்கு வரப்போகிற பிள்ளைகள் பள்ளியிலேயே ஒழுங்காகப் படித்துவிட்டால் பிறகு கலாசாலை அதிகமாகச் சிரமப்பட வேண்டாம் அல்லவா? ஆகையால் பள்ளிகளில் நல்ல போதனை எங்கே நடக்கிறது என்று தேடிப் பிடித்து ஆதரிக்கும் பொறுப்பு, நம் பக்கத்துக்கு அமிர்தலிங்கத்திடம் வந்து சேர்ந்தது.

பிடிபட்டவர் அய்யாக்கண்ணு வாத்தியார்.

அரியலூருக்குக் கிழக்கே ஒரு கிராமத்துப் பள்ளியில் அவர் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்துவந்தார். அந்தப் பக்கத்து ஓடைகளில் மழை பெய்து ஓய்ந்தால் நத்தைக் கல் அகப்படும். நத்தை மாதிரியே சுருண்டிருக்கும், ஆனால் கல். பிள்ளைகள் அதை வைத்துச் சில்லு விளையாடிக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் ஆளுக்கொன்று கையில் கொடுத்து, "இது என்ன, சொல்லுங்க பாப்பம்" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துகொள்வார். உருட்டிப் பார்ப்பார்கள், மோந்து பார்ப்பார்கள், நக்கிப் பார்க்கிறவனும் உண்டு. ஒருநாள் மூன்றாம் பாரம் வகுப்பில் ஒரே பெண்பிள்ளையான வீராயி கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இது கடல்ல கெடக்குற சங்காட்டம் இருக்கு. அப்ப நம்மூரு கடலுக்குள்ளயா சார் இருந்துச்சு?" என்று கேட்டாள். கிணற்றுக் கயிறு தண்ணீருக்கு எட்டாத ஊரில் கடல்! அன்றைக்கு வகுப்பு மணி அடித்தும் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

வீராயி பள்ளிக்கு வருவதே ஓர் ஒப்பந்தத்தின் பேரில்தான். அவள் அம்மா மருதாயி வாத்தியாரிடம் வெட்டொன்று துண்டு இரண்டாகச் சொல்லியிருந்தாள்: "ஆடு மேய்க்க ஆளில்லங்க சார். அது ஆசப்பட்டுப் போவுது, போவட்டும். ஆச தீந்த அன்னிக்கு ஆட்டுக்கு வந்துரணும்." வாத்தியாரும் சரி என்றிருந்தார். அந்த ஆசை தீராமல் பார்த்துக்கொள்வதுதான் அவருடைய முழுநேர உத்தியோகம்.

அமிர்தலிங்கம் இரண்டு மெம்பர்களோடு வந்தார், பாடத்தைப் பார்த்தார், உருகினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வீராயியின் கையிலிருந்த பெரிய நத்தைக் கல்லை வாங்கி உயரத் தூக்கிப் பார்த்தார். கல் நழுவித் தரையில் விழுந்து ஓரம் உடைந்தது. அவர் கையிலிருந்துதான் விழுந்தது. அதனால் என்ன? "பார்த்தீங்களா!" என்று மற்ற மெம்பர்களைப் பார்த்தார். "இவ்வளவு அருமையான பொருளைப் பிள்ளைங்க கையில விட்டுவைக்கலாமா?"

கூடாது என்று தீர்மானமாயிற்று. தேக்கில் ஒரு கண்ணாடி பீரோ வந்தது. நத்தைக் கல் அத்தனையும் அதற்குள் போயின. பீரோவுக்கு மாலை போட்டார்கள், பிள்ளைகளை வெயிலில் உட்காரவைத்துப் போதனையின் மேன்மையைப் பற்றிப் பொழுது சாய்கிறவரை பேசினார்கள். 'தொடாதே' என்று கதவில் ஓர் அட்டை. சாவியை அமிர்தலிங்கம் தம்முடைய வெள்ளி அரைஞாணில் கட்டிக்கொண்டார். அய்யாக்கண்ணு வாத்தியார் எப்படி இவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறார் என்று மாதாமாதம் அவரே விவரமாக எழுதி அனுப்பவேண்டும் என்றும் உத்தரவாயிற்று. எழுத நேரம்? சொல்லிக்கொடுக்கிற நேரத்தில்தான்!

வாத்தியார் எழுதினார். பிள்ளைகள் பீரோவைப் பார்த்துப் படம் வரைந்தார்கள். ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடியில் அவரவர் மூஞ்சிதான் தெரிந்தது.

"சார், அந்தக் கல்லுக்கு அடிப்பக்கம் எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு சார்" என்றாள் வீராயி.

 அன்று சாயங்காலமே வாத்தியார் அமிர்தலிங்கத்தின் வீட்டுக்கு ஓடினார்.

"சாவிதானே? தாராளமா! அடுத்த கூட்டத்துல தீர்மானமாக் கொண்டாந்துடுங்க."

"அதுவரைக்கும் தாங்காதுங்க. பிள்ளைங்களுக்கு ஆசை விட்டுப்போவுது. ஒரு பொண்ணு ஆடு மேய்க்கப் போயிடும் சார்."

"ஆசை விட்டுப்போவுதா? அடடா, ரொம்ப முக்கியமான விஷயமாச்சே! அதுக்குன்னே தனியா ஒரு சப்கமிட்டி போட்டுருவோம். நீங்களும் ஒரு மெம்பர்!"

சப்கமிட்டி கூடியது. மாணவர்களின் ஆசையை எப்படி வளர்ப்பது என்று விவாதித்தது. வாத்தியார் வாயைத் திறந்தபோதெல்லாம் அக்கிராசனர் மணியடித்தார். அன்றைக்குத்தான் வீராயி ஆட்டை ஓட்டிக்கொண்டு போனாள்.

"நான் ஒண்ணும் நிறுத்தலீங்க சார்" என்றாள் மருதாயி. "கல்லப் பூட்டிட்டாங்க, இனிமே அங்க என்ன இருக்குன்னு அதுதான் சொல்லிச்சு."

இதைக் கேட்டபோது எனக்கே வயிறு எரிந்தது என்றால் வாத்தியாருக்கு எப்படி இருந்திருக்கும்? மறுநாள் வகுப்பில் வீராயியின் இடத்தைப் பார்த்தார். பாதி எழுதிய விவரத்தைப் பார்த்தார். பேனாவை மூடினார். "எந்திரிங்கடா எல்லாரும்!" என்றார்.

ஓடையில் வெள்ளாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. வீராயி முழங்கால் வரை மண்ணோடு, மடி நிறையக் கல்லோடு நிமிர்ந்தாள். "சார், இது வேற மாதிரி இருக்கு சார்! இதுக்கு ரெண்டு மூடி!" அவ்வளவுதான், வகுப்பு ஆரம்பமாகிவிட்டது. நாள்தோறும் அங்கேயே நடந்தது. மருதாயி ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "ஆடும் மேயுது, பொண்ணும் படிக்குது. இதுக்கு எதுக்குங்க சார் பூட்டு?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

நல்ல காரியம் அல்லவா, மூக்கில் வேர்க்காமல் இருக்குமா? ஒரு காலை வில்வண்டி கரையில் வந்து நின்றது. அமிர்தலிங்கம் இறங்கினார். ஓடை முழுக்கப் பிள்ளைகள், ஆளுக்கொரு கல், ஆளுக்கொரு கேள்வி. சத்தியமாகச் சொல்கிறேன், அவர் கண்ணில் நீர் வழிந்தது.

"இதுதான்யா போதனை! இதை இப்படியே விட்டுவிடக் கூடாது!"

 அமிர்தலிங்கம் கரையோரம் எட்டி நடந்து, இங்கிருந்து அங்கேவரை முள்வேலி, இந்த இடத்தில் ஒரு கேட், கேட்டுக்கு ஒரு திண்டுக்கல் பூட்டு என்று காற்றில் அளந்துகொண்டே போனார். கை தானாக இடுப்புக்குப் போயிற்று.

வீராயி ஆடுகளைத் திருப்பினாள். வாத்தியார் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்:

"சார், அடுத்த ஓடைக்குப் போயிரலாம் சார்."

போய்விட்டார்கள். அமிர்தலிங்கம் திரும்பிப் பார்த்தபோது ஆட்டுப் புழுக்கைதான் இருந்தது. ஆனாலும் வேலி போட்டார். இப்போதும் அது அங்கே ஓடைக்கு நல்ல ஆதரவாக நிற்கிறது.

சிரிக்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் மனசைத் தொட்டுச் சொல்லுங்கள்: ஓடையில் பிள்ளைகள் என்று படித்தபோது, 'ஐயோ, மேற்பார்வைக்கு நாலு பெரியவர்கள் இருந்தால் தேவலையே' என்று உங்களுக்கு ஒரு கணம் தோன்றவில்லையா? தோன்றியதா? அப்படியானால் கொஞ்சம் இடுப்பைத் தடவிப் பாருங்கள். அரைஞாணில் என்னவோ தொங்குகிறது.