போலந்துச் சம்பந்திக்குப் போட்ட முதல் பந்தி

வெள்ளைக்காரர்களைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நினைப்பவனை மட்டும் சமையலறைக்குள் விடக்கூடாது. நான் விடப்பட்டேன். ரிங்லெட் என்ற மலையூரில் வேன் ஓட்டுகிறேன். தேயிலைத் தோட்டம் பார்க்க வரும் அத்தனை நாட்டுக்காரர்களையும் ஏற்றி இறக்கியவன். (ஏற்றி இறக்கினாலே அவர்களைக் கரைத்துக் குடித்துவிட்டதாக அப்போது நினைப்பு.)

என் தங்கை செல்வி போலந்தில் மருத்துவம் படிக்கப் போன இடத்தில் தோமெக் என்ற பையனைப் பிடித்துவிட்டாள். பையனுக்கு லீவு கிடைக்கவில்லை. செல்வியோடு அவனுடைய அப்பாவும் அம்மாவும் எங்கள் தோட்டத்து வீட்டைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. அப்பா இல்லாத வீடு, பொறுப்பெல்லாம் என் தலையில். இந்தச் சம்பந்தம் கெட்டால் அவள் ஆயுசுக்கும் என் முகத்தில் முழிக்கமாட்டாள்.

"அண்ணே, சிம்பிளா செய்யி லா," என்று போனில் படித்துப் படித்துச் சொன்னாள். "அங்க கொழுப்பும் சாசேஜுமா தின்னவங்க இப்ப நிறைய பேரு மாறிட்டாங்க. இவங்க வீட்டுல காய்கறி, கஞ்சிதான். மாமாவுக்கு இனிப்புநீர் வேற, சர்க்கரையே ஆகாது."

நான் நம்புவேனா? மாப்பிள்ளை வீட்டார் என்றால் "ஒண்ணும் வேணாம், சிரமப்படாதீங்க" என்றுதான் சொல்வார்கள். அதை நம்பிச் சாம்பாரோடு நிறுத்தினால், பேரன் கல்யாணம்வரை சொல்லிக் காட்டுவார்கள். ஆட்டுக்கறி, கோழிப் பிரட்டல், உருளைக்கிழங்கு வறுவல், நெய் மிதக்கும் கேசரி, பாயசம், அவர்கள் மனம் குளிரத் தானா ராத்தா டவுனில் வாங்கிய சாசேஜ். இலை தெரியவில்லை.

வந்த அன்று செல்வியும் சம்பந்தியம்மாவும் என் மனைவியும் தேயிலை மலையைப் பார்க்கப் போனார்கள். நானும் சம்பந்தியும் முதல் பந்தி. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குப் போலிஷ் தெரியாது, இருவர் ஆங்கிலமும் வாசலோடு நின்றுவிட்டது. இலையை மடிக்கும்வரை போடுவது எங்கள் வழக்கம். போட்டதை மிச்சம் வைக்காமல் தின்பது அவர்கள் மரியாதையாம். மடிக்க வேண்டும் என்று பாவம் அவருக்கு யார் சொல்வது? அவர் இலையைக் காலி செய்தார், நான் நிரப்பினேன். 'மனுஷன் ரசிச்சு சாப்பிடுறாரே!' என்று பூரித்து இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினேன்.

பெண்கள் திரும்பியபோது அவர் முகம் வெளுத்து, வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணே! என்ன செஞ்சி வச்சிருக்க?" என்று செல்வி அழுதேவிட்டாள்.

வேனில் அள்ளிப்போட்டுத் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். அந்த வளைவுகளில் என் கேசரி முழுவதும் வேன் சீட்டுக்கே வந்து சேர்ந்தது. சம்பந்தியம்மா வழிநெடுகப் போலிஷில் பொரிந்துகொண்டே வந்தார். தங்கை கல்யாணம் போச்சு என்றே முடிவு கட்டினேன்.

"என்னையா திட்டுறாங்க?" என்றேன்.

"மாமாவத்தான். வருஷக்கணக்கா கட்டிக் காத்த உடம்ப ஒரே பந்தியில கெடுத்துக்கிட்டாராம்."

ஊசி போட்டதும் சம்பந்தி தெளிந்து உட்கார்ந்தார். சம்பந்தியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். என் தொப்பையில் பார்வை நின்றது. செல்வி மூலம் நர்ஸிடம் ஏதோ சொல்ல, என் விரலிலும் ஊசி இறங்கியது. அடக் கடவுளே! அவருடையதைவிட என் இனிப்பு அதிகம்.

மறுநாள் எங்கள் அடுப்பு சம்பந்தியம்மா கைக்குப் போனது. லெம்பா பெர்த்தாம் தோட்டத்துக் காய்கறியில் சூப், பெட்டியில் கொண்டுவந்திருந்த ஏதோ தானியத்தில் கஞ்சி. சம்பந்தியும் நானும் தண்டனைக் கைதிகள்போல எதிரெதிரே உட்கார்ந்து குடித்தோம். அவர் கண்ணடித்தார், நான் சிரித்துவிட்டேன். கல்யாணம் அங்கேயே முடிவாகிவிட்டது.

அந்தக் கஞ்சிப் பழக்கத்தில் இப்போது வேட்டி இடுப்பில் நிற்கிறது, மூச்சு வாங்காமல் மேடு ஏறுகிறேன். ஆனாலும் தீபாவளிக்குப் பலகாரத் தட்டுப் பக்கம் கை நீண்டால் போதும், என் மனைவி போனைத் தூக்கிக் காட்டுவாள்:

"போலந்துக்குப் போடட்டுமா?"

கை தானாகத் திரும்பி வந்துவிடும்.