படைப்பாற்றல் நேரம் பூஜ்யம்

ஆரணி வட்டாரத்துப் பட்டுச்சேலை வடிவமைப்பாளர்களின் கற்பனை, பென்சில் சீவுவதிலேயே தேய்ந்து போவதை மேலிடம் ஆழ்ந்த வேதனையுடன் கவனத்தில் கொண்டது. கொண்டதோடு நில்லாமல், ஒரு நெசவாளர் சங்கத்துக்குக் கம்ப்யூட்டரும் அதற்குள் டிசைன் மென்பொருளும் அனுப்பிவைத்தது. கூடவே ஓர் ஆணை: வடிவமைப்பாளர் மாதம் நூற்றறுபது மணி நேரம் அதில் படைப்பாற்றலில் ஈடுபட்டிருத்தல் வேண்டும். மவுஸ் அசைந்தால் படைப்பாற்றல். அசையாவிட்டால் ஓய்வு.

அந்தச் சங்கத்துக்கு ஒரே வடிவமைப்பாளர் சங்கீதா. பதினோரு வருஷமாக ஒப்பந்த வேலை. மாசக் கடைசியில் புதுப்பித்தாக வேண்டும். பாவம், அவள் என்ன கண்டாள்? பழக்கதோஷத்தில் கிராஃப் தாளில் நெற்கதிரும் கிளியுமாக ஒரு பார்டர் வரைந்து, நெசவாளர் தசரதனிடம் கொடுத்து ஒரு கெஜம் நெய்தும் வாங்கிவிட்டாள். பார்த்தவர்கள் எல்லாம் அந்தக் கிளியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

கைத்தறித் துறை உதவி இயக்குநர் குமரேசன் தொடவில்லை. திரையைப் பார்த்தார்.

"படைப்பாற்றல் நேரம் பூஜ்யம்னு காட்டுது. ஆகவே இந்த டிசைன் இன்னும் படைக்கப்படலைம்மா."

"துணியே உங்க கையில இருக்குது சார்."

"இருக்கலாம். படைக்கப்படலை."

"நாலு நாள் உக்காந்து யோசிச்சேன் சார்."

"யோசிக்கும்போது மவுஸ் அசைஞ்சுதா?"

"இல்லீங்க."

"அப்போ அது ஓய்வு. மணி நேரம் ஏறலைன்னா உங்க ஒப்பந்த ஃபைல்ல நான் கையெழுத்துப் போட முடியாது."

சங்கீதா பென்சிலை எடுத்து உள்ளே வைத்தாள். மறுநாள் காலையிலிருந்து மவுஸை ஆட்டினாள். என்ன வரையலாம் என்று ஒரு நிமிஷம் நிறுத்தினால் போதும், திரையில் சிவப்பாக 'ஓய்வு' என்று வந்து மானத்தை வாங்கியது. மத்தியானத்துக்குள் மணிக்கட்டு வீங்கிவிட்டது. அதே அறையில் மாதிரித் தறி ஓட்டிக்கொண்டிருந்த தசரதன் எட்டிப் பார்த்தார்.

"இன்னா சங்கீதா, கையைப் புடிச்சிகினு உக்காந்துகினுகீறே?"

"இதை ஆட்டிகினே இருக்கணுமாம்ண்ணா. ஒரே பேஜாரா கீது."

"நான் கூடத்தான் காலையிலேர்ந்து தறியில சட்டத்தை ஆட்டிகினுகீறேன். எனுக்கு எவன் மணிக்கணக்கு எழுதறான்?"

அவர் கேலியாகத்தான் சொன்னார். சங்கீதா பிடித்துக்கொண்டாள். தறியில் முன்னும் பின்னும் ஆடுகிற சட்டத்திலிருந்து ஒரு பட்டு நூலை இழுத்து மவுஸின் இடுப்பில் கட்டினாள். பட்டன் அமுங்கியே இருக்க ஒரு ரப்பர் பேண்டு, மவுஸைத் திரும்ப இழுக்க இன்னொன்று. தசரதன் நெய்ய நெய்ய, திரையில் கோடு கோடாகப் படைப்பாற்றல் பெருகியது.

மாசக் கடைசியில் நூற்றுத் தொண்ணூறு மணி நேரம். குமரேசன் ஓடோடி வந்தார். திரை நிறைந்த கிறுக்கலைக் கண்டு அவருக்குக் கண் கலங்கியது.

"பென்சில்ல இது வருமாம்மா?"

"வராது சார்." இதில் மட்டும் அவள் பொய் சொல்லவில்லை.

தீபாவளி விற்பனைக்கு அந்தக் கிறுக்கலையே நெய்ய உத்தரவு ஆயிற்று. அப்புறம்தான் அவர் நூலைப் பார்த்தார்.

"யாரோட யோசனை இது?"

"என்னோடதுதான் சார். தப்புதான்."

"யார் சொன்னது தப்புன்னு? எல்லாச் சங்கத்துக்கும் இதைச் சுற்றறிக்கையா அனுப்பப்போறேன்." சற்று நேரம் சும்மா நின்றார்; அதை ஓய்வு என்றுதான் கொள்ள வேண்டும். "ஆமா, தறியே டிசைன் போடுதுன்னா, வடிவமைப்பாளர் எதுக்கும்மா?"

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். ஒப்பந்தம் முடிந்தது. வழியனுப்பு விழாவில் மரியாதையாக அந்தக் கிறுக்கல் சேலையிலேயே ஒன்றைக் கொடுத்தார்கள்.

களம்பூர் ரைஸ் மில்லில் வேலை கேட்கப் போன அன்று அதைத்தான் உடுத்திக்கொண்டாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா முந்தானையைத் தடவிப் பார்த்தாள்.

"எங்க எடுத்தீங்க?"

"ஆரணியிலதாங்க. கம்ப்யூட்டர் டிசைன்."

"அதானே பார்த்தேன். கையால போட்டா இந்த அழகு வருமா? என் பொண்ணு கல்யாணத்துக்கு இதேதான் எடுக்கணும்."

சங்கீதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும், அந்த அம்மா போட்டோ எடுக்க வாகாக முந்தானையை நன்றாக விரித்துக் காட்டினாள்.