ஜன்னல் கட்டுரைக்குச் சாட்சி

பிரேசர் டவுன், பெங்களூரு
புதன்கிழமை காலை

அன்புள்ள மைத்துனி குளோரியாவுக்கு,

மாமா கிளெமென்ட் எழுதுவது. அத்திபெலேயில் நீயும் சகலை நோயலும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நானே முடிவு செய்துகொண்டு தொடங்குகிறேன். போனில் கேட்டிருப்பேன். போன வாரம் மூன்று முறை கூப்பிட்டேன், மூன்று முறையும் நீ ஜெபக்கூட்டத்தில் இருப்பதாகச் சகலை சொன்னார். இவ்வளவு ஜெபித்தும் சுகமில்லை என்றால் நான் விசாரித்து என்ன ஆகப்போகிறது. இங்கே என் முழங்கால் தவிர மற்றதெல்லாம் ஒழுங்காக இருக்கிறது. மாதா உங்கள் இருவரையும் காப்பாளாக. விஷயத்துக்கு வருகிறேன்.

நான் திருடன் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள்.

ஜூலையிலிருந்து நான் சாயங்காலக் கல்லூரியில் பி.ஏ. முதல் வருஷம் படிப்பது உனக்குத் தெரியும். அதைக் கேட்டு நீ சிரித்தது எனக்கும் தெரியும். ஒன்பதாம் வகுப்போடு அப்பா என்னைத் தொழிற்சாலைக்கு அனுப்பிவிட்டார். நாற்பது வருஷம் ஸ்டோர்ஸில் நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்தபடியே, ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று அகராதியை முழுக்கப் படித்தேன். ஓய்வுக்குப் பிறகு பத்தாவதும் பன்னிரண்டாவதும் தனியாக எழுதித் தேறினேன். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அதனாலேயே ஒரு ஆசை: நான் எழுதிய பக்கத்தை யாராவது ஒருத்தர் உட்கார்ந்து முழுக்கப் படித்து, ஓரத்தில் சிவப்பு மையில் ஏதாவது எழுத வேண்டும். திட்டி எழுதினாலும் சரி. முதல் நாள் கேட்டில் நின்ற வாட்ச்மேன், பேரனுக்கு அட்மிஷனா என்று கன்னடத்தில் கேட்டு என்னை ஆபீஸ் பக்கம் அனுப்பினான். எனக்குத்தான் அட்மிஷன் என்று ஐடி கார்டைக் காட்டினேன். அவன் கார்டை வாங்கி, போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்து நின்றான். மரியாதையா பயமா என்று இன்றுவரை தெரியவில்லை.

தமிழ் எழுத்துப் பயிற்சி என்று ஒரு பாடம். நடத்துவது டீனா மிஸ், இருபத்தொன்பது வயது. முதல் வகுப்பிலேயே எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் பதினைந்து பக்க விதிமுறையைக் கொடுத்து, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போடச் சொன்னார். நூற்றுக்கு எழுபத்தைந்து வருகை இருக்க வேண்டும். பத்து நிமிஷம் தாமதமாக வந்தால் வராதவன். கட்டுரைக்கு முதல் வரைவு, இரண்டாம் வரைவு, முடிவான வரைவு என்று மூன்று பிரசவம். ஒவ்வொரு வரைவையும் பக்கத்து மாணவர் படித்துப் படிவம் நிரப்ப வேண்டும். கொடுத்த கட்டுரையைத் திரும்ப வாங்க முடியாது. எழுதுவது உங்கள் சொந்த எழுத்தாக இருக்க வேண்டும், ஏற்கனவே எங்கேயும் வந்ததாக இருக்கக் கூடாது. மற்றவர்கள் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்கள். நான் ஸ்டோர்ஸில் வேலை பார்த்தவன், படிக்காமல் எதிலும் போடமாட்டேன். ஒன்றே முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டு படித்து, ஒன்பது இடத்தில் ‘ஏற்கவில்லை’ என்று எழுதி அதன் கீழே கையெழுத்துப் போட்டேன். மிஸ் அதைப் பார்த்து, ‘சார், இது பேச்சுவார்த்தைக்குக் குடுத்த பேப்பர் இல்ல’ என்றார். பேச்சுவார்த்தைக்கு இல்லாத பேப்பரில் எதற்கு என் கையெழுத்து என்று கேட்டேன். வகுப்பு அதோடு முடிந்தது.

பிறகு கட்டுரை வந்தது. ‘நீங்கள் வெகுநாள் ஏங்கிய ஒன்று’ என்பது தலைப்பு. எண்ணூறு சொல். நான் ஜன்னல் கட்டுரையைக் கொடுத்தேன். எந்த ஜன்னல் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. காக்ஸ் டவுனில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் சமையலறைக்கு ஜன்னல் கிடையாது. உன் அக்கா பியாட்ரிஸ் பதினோரு வருஷம் கேட்டு, கடைசியில் மேஸ்திரி வந்து சுவரை உடைத்து ஒன்று வைத்தார். திறந்தால் பக்கத்து வீட்டுப் பின்சுவரும் ஒரு தண்ணீர்க் குழாயும்தான் தெரியும். சாயங்காலம் நாலு மணிக்கு அந்தச் சுவரில் பத்து நிமிஷம் வெயில் விழும். ‘அந்தப் பத்து நிமிஷத்துக்கு நான் எந்த வேலையும் வைத்துக்கொள்வதில்லை’ என்று கட்டுரையில் ஒரு வரி வரும். 2003இல் நம்ம பங்குக் கோயிலின் வெள்ளிவிழா மலரில், மாதர் பகுதியில், திருமதி பியாட்ரிஸ் கிளெமென்ட் என்ற பெயரில் அச்சானது. பங்குச் சாமியார் ஞாயிறு பூசை முடிந்ததும் பீடத்தில் நின்று அதை வாசித்தார். நீயும் இருந்தாய்.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதில்தான் இப்போது என் தலை நிற்பதும் உருளுவதும் இருக்கிறது. ஆண்கள் பகுதிக்கு இருபத்திரண்டு கட்டுரை வந்து குவிந்துவிட்டது, எல்லாம் தங்களைத் தாங்களே புகழ்ந்தது. மாதர் பகுதிக்கு ஒன்றுமில்லை. அதனால் நான் எழுதினேன், பியாட்ரிஸ் பெயரில் கொடுத்தேன். இவ்வளவுதான்.

இப்போது அதை என் பெயரில் கொடுக்க வேண்டியதாயிற்று, அதனால் சில இடங்களைத் திருத்தினேன். ‘என் கணவர்’ என்று இருந்ததையெல்லாம் ‘என் மனைவி’ என்று மாற்றினேன். முதல் வரைவைப் பக்கத்து மாணவர் படிக்க வேண்டும் அல்லவா, எனக்கு வாய்த்தது தனக்கோடி. ஆனேக்கல்லிலிருந்து வருகிறவள், பகலில் ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு வேலை, நாற்பது வயது இருக்கும். படித்துவிட்டு, ‘ஏன் சார், ஜன்னல் வைங்கன்னு உங்க சம்சாரத்துகிட்டயா பதினோரு வருஷம் கேட்டீங்க? உங்க வீட்டுல மேஸ்திரியக் கூப்புடுறது அவங்களா?’ என்று கேட்டாள். எங்கள் வீட்டில் எல்லாம் அப்படித்தான் என்று சொல்லிவிட்டேன். படிவத்தில் ‘எழுதியவரைப் பற்றி என்ன தெரிகிறது’ என்று ஒரு கேள்வி. அதற்கு அவள் எழுதியதை அப்படியே தருகிறேன்: ‘ரொம்ப நேரம் நின்னுகிட்டே வேலை செய்றவங்க. கால் வலி இருக்கு, சொல்லிக்க மாட்டாங்க. ஆம்பளை எழுதின மாதிரி தெரியல.’ படிவம் நிரப்பச் சொன்னால் ஜோசியம் பார்க்கிறார்கள்.

ஆனால் மிஸ் முதல் வரைவின் ஓரத்தில், சிவப்பு மையில், ‘இந்த மனுஷரோடு இன்னும் கொஞ்ச நேரம் அந்த ஜன்னல் பக்கத்தில் நிற்கலாம் போல இருக்கிறது’ என்று எழுதியிருந்தார். குளோரியா, அந்தப் பக்கத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி, இறங்க வேண்டிய நிறுத்தத்துக்கு இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கினேன்.

முடிவான வரைவை மெஷினில் போட்டுப் பார்ப்பார்களாம். உலகத்தில் எங்கேயாவது அதே வரி இருந்தால் மெஷின் கண்டுபிடித்துவிடும். நம்ம பங்கு இளைஞர் மன்றத்துக்காரர்கள் வேறு வேலையில்லாமல் பழைய மலர்களையெல்லாம் டைப் அடித்து இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள், எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பொருந்துகிறது என்று வந்தது. மீதி நாலு, நான் கணவரை மனைவியாக மாற்றிய இடங்கள். மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, மெதுவாகத்தான் கேட்டார். அதுதான் எனக்கு இன்னும் கோபம். சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். யார் இந்தத் திருமதி பியாட்ரிஸ் என்றார். என் மனைவி, நாலு வருஷத்துக்கு முன்னால் இறந்துபோனாள் என்றேன். மிஸ் கட்டுரையை என் பக்கம் திருப்பிவைத்து ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார்.

‘சார், மூணாவது பத்தியில நீங்க முந்தானையால கண்ணாடியைத் துடைக்கிறீங்க.’

கையில் கிடைத்த துணியை எடுத்துத் துடைப்பதுதான் வழக்கம் என்றேன். மிஸ் சிரிக்கவில்லை.

அப்புறம்தான் நான் உண்மையைச் சொன்னேன், அதாவது மேலே உனக்குச் சொன்னதை. எழுதியது நான், பெயர் மட்டும் அவளுடையது, பெண்ணின் பெயரில் எழுதினால் முந்தானை வராமல் வேட்டியா வரும் என்று கேட்டேன். மிஸ் யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னார். என் சொந்தப் பழைய எழுத்தை மறுபடி கொடுத்தேன் என்று ஆதாரம் இருந்தால் அது சின்னத் தப்பு, வேறு ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்துவிடலாம். ஆதாரம் இல்லையென்றால் அடுத்தவர் எழுத்தைத் திருடியதாக ஆகும், இந்தப் பாடத்தில் பூஜ்யம், அடுத்த வருஷம் முதலிலிருந்து படிக்க வேண்டும். வருகிற வாரம் வெள்ளிக்கிழமை ஒழுங்குக் குழு கூடுகிறது. எனக்கு அறுபத்தெட்டு முடிகிறது. முதல் வருஷத்தை இரண்டு முறை படிக்கிற அளவுக்கு என்னிடம் முழங்கால் இல்லை.

ஆகையால் உன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று. அந்த வாரம் நீ எங்கள் வீட்டில் இருந்தாய், நோயலுக்கு ராத்திரி ஷிப்ட் என்று வந்து தங்கியிருந்தாய். சாப்பாட்டு மேஜையில் முழுநீளத் தாள் போட்டு நான் எழுதியதை உன் கண்ணால் பார்த்தாய், எனக்குக் காப்பிகூட கொண்டுவந்து வைத்தாய். நீ ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ஓய்வுபெற்றவள், உன் கையெழுத்துக்கு மதிப்பு உண்டு. ‘வெள்ளிவிழா மலரில் வந்த ஜன்னல் கட்டுரையை என் மாமா கிளெமென்ட் தம் கைப்பட எழுதியதை நான் நேரில் பார்த்தேன்’ என்று எழுதி அனுப்பு. அதில் ஒரு பொய்யும் கிடையாது. ஒரு எழுத்தும் கூட்ட வேண்டாம்.

அக்காவுக்குத் துரோகம் என்று நீ நினைப்பாய். உன்னை எனக்குத் தெரியும். அன்றைக்குப் பூசை முடிந்ததும் பெண்களெல்லாம் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். வீடு வரைக்கும் எனக்கு முன்னால் வேகமாக நடந்து வந்தாள். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக அந்த ஜன்னலுக்குப் போய் நின்றாள். மலரைப் புடவைகளுக்கு நடுவில் வைத்திருந்தாள், வீடு மாறும்போது அதைத்தான் முதலில் எடுத்தாள். எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்தப் பெருமையைக் கடைசிவரைக்கும் அனுபவித்துவிட்டாள், போதாதா? போய்ச் சேர்ந்தவளுக்கு இனி அந்தக் கட்டுரை எதற்கு? இருக்கிறவனுக்குத்தானே வேண்டும்? இப்போது நான் இருக்கிற வீட்டில் சமையலறைக்கு இரண்டு ஜன்னல், குளோரியா. இரண்டும் பெரிசு. திறந்தால் ரோடு தெரியுது, மரம் தெரியுது. நான் அந்தப் பக்கமே போறதில்ல.

சரி. எழுத்து எங்கேயோ போகிறது. சகலையின் சர்க்கரை மட்டுப்படட்டும். உன் கீல்வாதத்துக்கு மாதாவிடம் சொல்லியிருக்கிறேன், அவள் மற்ற வேலையெல்லாம் முடித்துவிட்டுக் கவனிப்பாள். இரண்டு பேரும் ஆண்டவர் நிழலில் நீண்ட நாள் இருங்கள். கடிதத்தைத் திங்கட்கிழமைக்குள் எனக்குக் கிடைக்கும்படி அனுப்பு.

இப்படிக்கு,
உன் மாமா,
கிளெமென்ட்

பின்குறிப்பு: சாட்சிக் கடிதம் எழுத வேண்டாம். எழுதியிருந்தால் கிழித்துப்போடு. உறையை ஒட்டி, பசை காய்வதற்குள் பிரித்து இதை எழுதுகிறேன். மேலே உள்ளதைக் கிழித்துவிட்டு வேறு கடிதம் எழுதியிருக்கலாம். முடிவான வரைவோடு முதல் வரைவையும் இணைக்க வேண்டும் என்பது மிஸ் போட்ட பதினோராம் விதி, நான் ‘ஏற்கவில்லை’ என்று எழுதாத சிலவற்றில் ஒன்று.

கட்டுரை அவளுடையது. முழுக்க. நீ பார்த்தது என் கையை. அவள் அடுப்பு முன்னால் நின்று சொல்லிக்கொண்டே இருந்தாள், கையெல்லாம் மாவு, அதனால் நான் எழுதினேன். அது உன் காதிலும் விழுந்திருக்கும். ஆனால் சமைத்துக்கொண்டே ஒரு பெண் பேசுவதைக் கட்டுரை என்று யார் நினைப்பார்கள், நானே நினைக்கவில்லை.

ஏங்கிய ஒன்றைப் பற்றி எழுதச் சொன்னதும் ஒரு வாரம் வெறும் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுத ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதை எழுத எனக்குக் கை வரவில்லை. அதனால் மலரை எடுத்து அவள் கட்டுரையைப் பார்த்து எழுதினேன். எழுத எழுத அவள் பக்கத்தில் நின்று சொல்வதுபோல் இருந்தது, எங்கே நிறுத்தி மூச்சு வாங்கினாளோ அங்கே எனக்கும் பேனா நின்றது. மூன்று வரைவு கேட்டார்கள், நான் ஏழு முறை எழுதினேன். அவள் சொன்னதை இன்னொருத்தர் படித்து நன்றாக இருக்கிறது என்று சொல்வதை இன்னொரு தடவை கேட்க வேண்டும்போல் இருந்தது. கேட்டுவிட்டேன். பூஜ்யத்தை வாங்கிக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை போய் அவள் பெயரைச் சொல்லிவிட்டு, அடுத்த ஜூலையில் மறுபடி பதினைந்து பக்கம் கையெழுத்துப் போடுகிறேன்.

உன்னிடம் வேறொன்று கேட்க வேண்டும். மேஸ்திரி கிளம்பிப் போனதைச் சொன்ன பிறகு அவள் இன்னொரு வரி சொன்னாள். இது கட்டுரைக்கு வேண்டாம் என்று நான்தான் எழுதாமல் விட்டேன். மலரில் அது இல்லை, எங்கேயும் இல்லை. அதைக் கேட்டு நீ சிரித்தாய், காப்பி தாளில் சிந்தியது. நீ சிரித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது, வரி ஞாபகமில்லை. நாலு வருஷமாக யோசித்துப் பார்க்கிறேன், வரவில்லை. உனக்கு ஞாபகம் இருந்தால் அதை மட்டும் எழுதி அனுப்பு.