படையல் அறையில் பேசிய பெண்

கணினி நிரல் எழுதுகிறவர்களுக்குப் பேய் பயம் கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாங்கள்தான் ரொம்பப் பயந்தவர்கள். காரணம் தெரியாமல் ஏதாவது நடந்தால் எங்களுக்குத் தூக்கம் வராது.

அப்போது எனக்கும் மாலினிக்கும் கல்யாணப் பேச்சு பாதியில் நின்றிருந்தது. அவளுடைய பெரியப்பா திடீரென்று தவறிவிட்டார். "கருமாதி முடியட்டும், அப்புறம் பேசலாம்" என்றார் அவள் அப்பா. நல்ல பெயர் வாங்கலாமே என்று மலேசியாவின் ஜோகூர் பாரு நகரிலிருந்து பெக்கோக் என்ற சிற்றூருக்கு அந்தக் கருமாதிக்குப் போனேன். (மடிக்கணினியோடு. அதுதான் வினை.)

பெரிய மாமா (மாலினியின் பெரியப்பாவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். கடைசிக் காலத்தில் கண் மங்கிப்போனதால், வருகிற செய்திகளைக் கைப்பேசியே சத்தமாக வாசிக்கும்படி வைத்திருந்தார். படையலில் ஆட்டுக்கறி, கறுப்பு பீர், சுருட்டு எல்லாம் இருந்தன. "போன் இல்லாம அப்பாவுக்குச் சாப்பாடு இறங்காது லா" என்று அவர் மகன் அதையும் சார்ஜ் போட்டு இலை ஓரத்தில் வைத்தான். பிறகு வழக்கப்படி கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வாசல் கொட்டகைக்கு வந்தோம். இறந்தவர் வந்து சாப்பிடும் நேரம் அது. சத்தம் போடக் கூடாது.

என் கைப்பேசி அதிர்ந்தது. மரண உதவிச் சங்கத்தில் கணக்கு எழுதும் கிராணி. அந்தச் சங்கத்தின் உறுப்பினர் தரவுத்தளம் அடியேன் கைவண்ணம்.

"தம்பி, ஒருத்தர இறந்துட்டார்னு போடுறேன். சிவப்பா என்னமோ எரர் வருது. திரும்பப் பார்த்தா உயிரோட இருக்காரு. அலமாக், என்னன்னு கொஞ்சம் பாரு."

உறுப்பினர் எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு ஓரமாக மடிக்கணினியைத் திறந்தேன். பெயரைப் பார்க்கவில்லை. 'இறந்தவர்' என்று மாற்றித் தட்டினேன்.

சாத்திய அறைக்குள் ஒரு பெண் பேசினாள்.

உள்ளே யாரும் இல்லை. எல்லோரும் பார்க்கத்தான் கதவைச் சாத்தியிருந்தோம். வார்த்தைகள் பிடிபடவில்லை. ஏற்ற இறக்கம் இல்லாமல், எதையோ திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு நிறுத்திவிட்டாள். திரையில் சிவப்பாகப் பிழை. அந்த மனிதர் மறுபடி உயிரோடு இருந்தார்.

பயந்தால் நான் வேலை பார்ப்பேன். இன்னொரு முறை தட்டினேன். அவளும் மறுபடி ஆரம்பித்தாள்.

"பொம்பளக் குரல்" என்றார் பெரியத்தை, இறந்தவரின் மனைவி. அழுது வீங்கிய முகம் மெல்ல மாறியது. "லோரி ஓட்டுன காலத்துலயே எனக்குச் சந்தேகம். எப்பப் பார்த்தாலும் குளுவாங் டவுனு, குளுவாங் டவுனுன்னு ஓடுவாரு. இப்ப சாப்பிடவே கூட வந்துட்டாளா?"

"அண்ணி, அப்படிப் பேசாதீங்க" என்றார் மாலினியின் அப்பா.

"என்ன பேசாதீங்க? இனிமே அவருக்கு நான் விளக்கு ஏத்த மாட்டேன். அவளையே ஏத்தச் சொல்லுங்க."

நான் (மேதை!) மூன்றாவது முறையும் தட்டிவிட்டு, கதவில் காதை வைத்தேன். கடைசி வாக்கியம் தெளிவாகக் கேட்டது: "தவறு இருந்தால் உடனே தெரிவிக்கவும்."

அது நான் எழுதிய வாக்கியம்.

தரவுத்தளத்தில் ஒரு விவரத்தை மாற்றினால் தானாக ஓடும் சிறு நிரலுக்கு ட்ரிக்கர் என்று பெயர். என் ட்ரிக்கர் முதலில் உறுப்பினருக்குச் செய்தி அனுப்பும். பிறகு அதே உறுப்பினரின் பதிவில் தேதியை எழுதும். தேதி எழுதுவதும் ஒரு மாற்றம்தானே? அது ட்ரிக்கரை மறுபடி எழுப்பும். இப்படித் தன்னைத் தானே எழுப்பி எழுப்பி, மூச்சு முட்டி, எல்லாவற்றையும் ரத்து செய்துவிடும். மரணமும் ரத்து. போன செய்திகளை மட்டும் திருப்பி வாங்க முடியாது. இப்போதுதான் பெயரைப் பார்த்தேன். பெரிய மாமா.

உள்ளே செய்திகளைப் பெண் குரலில் வாசித்தது அவருடைய கைப்பேசி. வாயை மூடிக்கொண்டிருந்தால் என் கல்யாணம் பிழைக்கும், அவர் மானம் போகும். பெரியத்தையின் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"அத்தை, அது நான்தான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அந்தப் பொம்பள நீயா?"

மாலினி துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் விளக்கிய எதுவும் யாருக்கும் ஏறவில்லை. கடைசியில் கதவைத் திறந்து, கைப்பேசியை எடுத்துச் செய்தியை நானே வாசித்தேன்: "அன்புள்ள உறுப்பினரே, நீங்கள் இறந்துவிட்டதாகப் பதிவு செய்துள்ளோம். தவறு இருந்தால் உடனே தெரிவிக்கவும்."

மாலினியின் அப்பா என்னைப் பார்த்த பார்வையில் கல்யாண மண்டபம் இடிந்து விழுந்தது. பெரியத்தை மட்டும் கைப்பேசியை வாங்கித் தடவிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அவரு ஏதாச்சும் பதில் போட்டாரா?"

"இல்லங்க அத்தை."

தலையாட்டிவிட்டு உள்ளே போய் விளக்கை ஏற்றினார். "இந்தப் பையனையே கட்டி வைங்க. பொய் சொல்லத் தெரியல" என்றார் போகிற போக்கில்.

அன்று சாயங்காலமே, மாற்றம் பதிவாகும் முன்பே தேதி எழுதப்படும்படி நிரலைத் திருத்தினேன். பெரிய மாமா முறைப்படி இறந்தார்.

இப்போதும் திவசத்துக்குப் படையலில் அந்தக் கைப்பேசி இருக்கும். இணைப்பைத் துண்டித்துப் பல காலம் ஆகிறது. கதவைச் சாத்தியதும், "மாப்பிள்ள, கைய மேல தூக்குங்க!" என்று கொட்டகையே கத்தும். பொடிசுகள் வரை சிரிக்கும். எதையும் தட்டவில்லை என்று காட்ட இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்பேன். அப்புறம் சிரிப்பு அடங்கிவிடும். பெரியத்தை கதவுப் பக்கம் தலையைச் சாய்த்துக் காதைக் கொடுப்பார். கையை இறக்காமல் நானும் கேட்டுக்கொண்டிருப்பேன்.